மெல்ல வந்து மெல்லப் போகும் மருந்துகள்

“தைராய்டு மாத்திரையைப் பத்து நாட்களாகச் சாப்பிடுகிறேன், களைப்பு அப்படியேதான் இருக்கிறது” என்பார் ஒருவர். “குழந்தைக்கு வீக்கம் வடிந்துவிட்டது, அதனால் ஸ்டீராய்டு மாத்திரையை நாங்களே நிறுத்திவிட்டோம்” என்பார் இன்னொருவர். “கட்டியைத்தான் அறுத்து எடுத்தாயிற்றே, இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு எதற்கு மாத்திரை?” என்று கேட்பார் மூன்றாமவர். புறநோயாளர் பிரிவில் வாரந்தோறும் காதில் விழும் பேச்சுகள் இவை. நோய்கள் வேறு, மாத்திரைகள் வேறு. ஆயினும் மூன்றுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. அது உயிரணுவின் உட்கருவில் உள்ள ஒரு சிறு புரதத்தில் இருக்கிறது. அதற்கு ‘உட்கரு ஏற்பி’ என்று பெயர்.

ஹார்மோன் என்ற சொல்லை 1905ஆம் ஆண்டில் லண்டனில் நிகழ்த்திய ஓர் உரையில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியல் அறிஞர் முதன்முதலில் பயன்படுத்தினார். தூண்டி எழுப்புவது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். தமிழில் இயக்குநீர் என்கிறோம். ஒரு சுரப்பியில் தோன்றி, இரத்தத்தில் கலந்து, தொலைவில் உள்ள உறுப்புக்குச் செய்தி கொண்டுசெல்வது அதன் பணி. செய்தியை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள்தான் ஏற்பி. ஏற்பி இல்லாத உயிரணுவுக்கு இயக்குநீர் எவ்வளவு வந்தாலும் அது செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்போருக்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். தொழிற்சாலைக்கு வெளியிலிருந்து செய்தி போக வழிகள் இரண்டு. வாயிற்காவலரிடம் சொன்னால் அவர் தொலைபேசியில் உள்ளே கூப்பிட்டுச் சொல்வார். ஓடும் எந்திரம் நிற்கும், நிற்கும் எந்திரம் ஓடும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டாவது வழியில், செய்தி கொண்டுவந்தவரே வாயிலைக் கடந்து நேராக வரைபட அறைக்குப் போகிறார். அங்குள்ள அலுவலருடன் அமர்ந்து, “இன்றுமுதல் இந்த உதிரிபாகத்தைக் கூடுதலாகச் செய்யுங்கள், அந்த உதிரிபாகத்தைக் குறையுங்கள்” என்று உற்பத்தித் திட்டத்தையே மாற்றுகிறார். இதன் பலன் வெளியே தெரியச் சில நாட்கள் ஆகும். அவர் திரும்பிப் போன பிறகும் செய்து முடித்த சரக்கு கிடங்கில் இருக்கும். அது தீரும்வரை மாற்றம் நீடிக்கும்.

இன்சுலினும் அட்ரினலினும் முதல் வழியைச் சேர்ந்தவை. அவை உயிரணுவின் வெளிச்சுவரிலேயே நின்று செய்தி சொல்கின்றன. கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு இயக்குநீர், வைட்டமின் டி ஆகியவை இரண்டாம் வழியைச் சேர்ந்தவை. உள்ளே நுழைந்து தத்தம் ஏற்பியோடு இணைந்து, டி.என்.ஏ. இழையில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, எந்த மரபணுவைப் படிக்க வேண்டும், எதை மூடிவைக்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. மனித உடலில் இத்தகைய ஏற்பிகள் 48 இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு உரிய இயக்குநீர் எது என்பது இன்னும் தெரியாததால், அறிவியலாளர்கள் அவற்றை ‘அநாதை ஏற்பிகள்’ என்றே அழைக்கிறார்கள்.

இப்படி ஓர் ஏற்பி உண்டு என்பதையே முதலில் பலர் நம்பவில்லை. 1950களின் பிற்பகுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். உடலெங்கும் சென்ற அந்த ஈஸ்ட்ரோஜன் கருப்பையில் மட்டும் மாறாமல் தங்கி நின்றது. அதைப் பிடித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று அவர் சொன்னார். 1985இல் ரொனால்ட் எவான்ஸ் குழுவினர் கார்ட்டிசால் ஏற்பிக்கான மரபணுவைக் கண்டெடுத்தனர். பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவினர் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை ஆராய்ந்தனர். மூவருக்கும் 2004இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. வரலாறு இத்துடன் இருக்கட்டும். நோயாளிக்கும் வீட்டாருக்கும் வேண்டியது, இந்த அறிவு மருந்துப் பெட்டியில் எப்படி வேலை செய்கிறது என்பதுதான்.

நீல இன்ஹேலரும் மற்றொன்றும்

ஆஸ்துமா நோயாளிகளிடம் இந்த இரு வழிகளும் அருகருகே தெரியும். மூச்சு இரைக்கும்போது இழுக்கும் நீல நிற இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் உயிரணுவின் வெளிச்சுவரில் வேலை செய்யும் மருந்து. ஐந்து நிமிடங்களில் நெஞ்சு இளகும். தினமும் இருவேளை இழுக்கச் சொல்லும் மற்றொரு இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு. அது உட்கருவுக்குள் போய் அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. நாட்கள், வாரங்கள் கழித்தே இரவு இருமல் குறைந்திருப்பது புலப்படும். அதனால் “இது வேலை செய்யவில்லை” என்று அதை ஒதுக்கிவிட்டு, நீல இன்ஹேலரை மட்டும் நாளுக்கு ஏழெட்டு முறை இழுப்பவர்கள் உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நோயின் வேரான அழற்சி உள்ளே வளர்ந்துகொண்டிருக்க, மேலே மட்டும் இளக்கம் தெரிகிறது. தூசியும் புகையும் உள்ள வேலையிடங்களுக்குச் செல்வோர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டின் அளவு மைக்ரோகிராம் கணக்கில் உள்ளது. மாத்திரையோ மில்லிகிராம் கணக்கில். ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லுக்கு அஞ்சி இன்ஹேலரைக் கைவிட வேண்டாம். இழுத்த பின் வாய் கொப்பளித்தால் வாயில் பூஞ்சை படியாது.

அவசரப் பிரிவில் நரம்பில் ஸ்டீராய்டு ஊசி போட்ட பின்னும், நோயாளி சில மணி நேரம் தவிப்பதைக் கண்டு உறவினர்கள் பதறுவார்கள். ஊசி வீணாகவில்லை, அது வரைபட அறையில் இருக்கிறது. அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் நெபுலைசரும் ஆக்சிஜனும்.

ஒரு பூட்டு, பல அறைகள்

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும், இந்த இயக்குநீர்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தைத் தொடர்ந்து பெற்றவர்களின் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு மெலிந்தது. வியப்பும் வேதனையும் ஒரே மருந்தில் ஏன்? கார்ட்டிசால் ஏற்பி நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இருப்பதே காரணம். மூட்டில் அது அழற்சியை அடக்குகிறது. அதே ஏற்பி கல்லீரலில் சர்க்கரையைக் கூடுதலாக உற்பத்தி செய்யச் சொல்கிறது; எலும்பில் புதுக் கட்டுமானத்தைக் குறைக்கிறது; தசையைக் கரைக்கிறது; கிருமியை எதிர்க்கும் படையையும் தளர்த்துகிறது. ஒரே சாவி எல்லா அறைகளையும் திறக்கும்போது, வேண்டிய அறையை மட்டும் திற என்று அதனிடம் சொல்ல முடிவதில்லை. மருத்துவர் அளவையும் காலத்தையும் எண்ணி எண்ணி எழுதுவது இதனால்தான்.

இதைவிட முக்கியமான ஓர் அறை மூளையில் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமசும் பிட்யூட்டரி சுரப்பியும் இரத்தத்தில் கார்ட்டிசால் எவ்வளவு இருக்கிறது என்று இதே ஏற்பி வழியாகவே அளந்துகொண்டிருக்கின்றன. குறைந்தால் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு ஆணை போகும். கூடினால் ஆணை நிற்கும். வெளியிலிருந்து மாத்திரையாக வருவதையும் உடலே சுரப்பதையும் அவற்றால் பிரித்தறிய முடியாது. மூன்று வாரங்களுக்கு மேல் பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரை தொடர்ந்தால், “போதுமான அளவு இருக்கிறது” என்று மூளை ஆணையை நிறுத்திவிடுகிறது. வேலையில்லாத அட்ரினல் சுரப்பி சுருங்கிவிடுகிறது.

இந்த நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், வெளியிலிருந்தும் வராது, உள்ளிருந்தும் சுரக்காது. கடும் களைப்பு, தலைச்சுற்றல், வாந்தி, வயிற்றுவலி, இரத்த அழுத்தம் தாழ்தல், சர்க்கரை இறங்குதல் என்று தொடங்கி நினைவிழப்பு வரை போகலாம். வெறும் நாட்களில் ஒருவாறு சமாளித்து நடமாடுபவரும், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விபத்து, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றின்போது வீழ்ந்துவிடுவார். நலமுள்ள உடலில் அத்தகைய நேரத்தில் கார்ட்டிசால் பல மடங்கு சுரக்கும். இவருக்கோ அந்தக் கையிருப்பு இல்லை. உறங்கிவிட்ட சுரப்பி மீண்டும் எழச் சில வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்கள் ஆகலாம். அளவைப் படிப்படியாகக் குறைக்கும் ஏற்பாடு அதற்காகவே.

ஆகவே நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர் வீட்டில் சிலவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். எவ்வளவு என்பதை நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஊசியாகப் பெற மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். பல் பிடுங்கும் மருத்துவர் உட்பட, யாரிடம் சிகிச்சைக்குப் போனாலும் முதல் சொல்லாக இதைச் சொல்லுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருப்பது நல்லது; சாலையில் மயங்கி விழுந்தவருக்காக அந்தத் தாள் பேசும்.

நெஃப்ராட்டிக் நோயுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு தனிக் குறிப்பு. சிறுநீரில் புரதம் கசிந்து முகமும் காலும் வீங்கும் அந்த நோயில், பெரும்பாலான குழந்தைகளுக்கு மாத்திரை தொடங்கி ஓரிரு வாரங்களில் வீக்கம் வடிந்துவிடும். ஆனால் முதல் முறை நோய் வரும்போது, ஆறு வாரம் தினமும், பிறகு ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாளுமாக மருந்து தொடர வேண்டும். இடையில் குழந்தையின் முகம் உப்பும், பசி மிகும், குணம் சற்று மாறும். “மருந்தால் என் பிள்ளை கெட்டுப்போகிறான்” என்று பாட்டி சொல்வது இந்த நேரத்தில்தான். அந்த உப்பல் மருந்து குறையும்போது வடிந்துவிடும். பாதியில் நிறுத்தியதால் திரும்ப வரும் நோய் அவ்வளவு எளிதில் போகாது.

கொரோனா காலம் இந்த மருந்தின் இரு முகங்களையும் ஊரறியச் செய்தது. 2020 ஜூன் மாதம் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு ஒரு செய்தியை வெளியிட்டது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றோரின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. மலிவான ஒரு பழைய மாத்திரை செய்த அரும்பணி அது. அதே ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்றும் சொன்னது. அந்த இரண்டாம் பாதியைப் பலர் கேட்கவில்லை. இரண்டாம் அலையில் இலேசான காய்ச்சலுக்கே வீட்டிலிருந்தபடி அதை வாங்கி விழுங்கினார்கள். கட்டுக்கடங்காத சர்க்கரையும் தளர்ந்த எதிர்ப்பாற்றலும் சேர்ந்த உடல்களில் கருப்புப் பூஞ்சை புகுந்தது. 2021 மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

பெயர் தெரியாமல் வரும் ஸ்டீராய்டு

மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டைவிட, எழுதாமலே உடலுக்குள் வரும் ஸ்டீராய்டு எங்களுக்குக் கூடுதல் கவலை தருகிறது. மூட்டுவலிக்கென்று பெயரில்லாத காகிதப் பொட்டலத்தில் கட்டித் தரப்படும் பலநிற மாத்திரைகளில் ஒன்று அதுவாக இருக்கலாம். இரண்டு நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் ‘தேறிவிடும்’. பார்ப்பவர்கள் உடம்பு தேறியதாகப் பாராட்டுவார்கள். உண்மையில் அது தேறுதல் அல்ல, உப்பல். சில மாதங்கள் கழித்துச் சர்க்கரை நோயோ, எலும்பு முறிவோ, கண்புரையோ எட்டிப் பார்க்கும். பொட்டலம் கிடைக்காத வாரத்தில் வாந்தியும் மயக்கமுமாக அவசரப் பிரிவுக்கு வந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கும் நேரமாகிறது.

களிம்புகளும் அப்படியே. வெயிலிலும் உலைச்சூட்டிலும் தடித்த சீருடையுடன் நாள் முழுதும் வேர்த்து நிற்பவர்களுக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை வருவது இயல்பு. கடையில் கேட்டால் பூஞ்சைக்கொல்லி, கிருமிக்கொல்லி, ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பு கிடைக்கிறது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் ஒரே இரவில் அடக்குகிறது; பூஞ்சையோ எதிர்ப்பாரின்றிப் பரவுகிறது. நிறுத்தினால் முன்னைவிட மிகுதியாக வருகிறது, மீண்டும் தடவுகிறார்கள். முகம் வெளுக்க வேண்டும் என்று தடவுவோரின் நிலை இன்னும் வருந்தத்தக்கது: தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பருவும் முடியும் கிளம்பி, வெயில் பட்டால் எரியும் முகம். நாட்டின் பல மருத்துவ மையங்களில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், முகத்தோல் குறைகளோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு தடவிக்கொண்டிருந்தவர்கள். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கடைப்படியில் நிற்கும்போது நாமும் விழிப்பாக இருக்க வேண்டும்.

அட்டையில் பெயரைப் படித்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். ‘சோன்’, ‘சோலோன்’ என்று முடியும் பெயர்கள்: பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன், மொமெட்டசோன், பிரெட்னிசோலோன். க்ளோபீட்டசால் அப்படி முடியாவிட்டாலும் அதுவும் ஸ்டீராய்டுதான், மிக வலியதும்கூட. இந்த அடையாளத்துக்கு விலக்கும் உண்டு. சர்க்கரை நோய்க்கான பயோகிளிட்டசோன் ஸ்டீராய்டு அன்று. (அதுவும் வேறோர் உட்கரு ஏற்பியின் வழியாகவே வேலை செய்கிறது என்பது வேடிக்கையான ஒற்றுமை, அதன் முழுப் பயன் தெரியவும் வாரங்கள் ஆகும்.) உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளரப் போடும் ஊசி டெஸ்டோஸ்டிரோன் வகை ஸ்டீராய்டு. ஏற்பி வேறு, ஆனால் மூளையை ஏமாற்றிச் சொந்தச் சுரப்பியை உறங்க வைக்கும் கதை அதே. அங்கே உறங்குவது விரைச் சுரப்பி. விந்தணு குறைந்து, குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வரும்போதுதான் பலருக்கு அது தெரிகிறது.

தைராய்டு மாத்திரைக்கு வருவோம். தைராய்டு ஏற்பி சற்றே வேறுபட்டது. அது இயக்குநீர் வருவதற்கு முன்பே டி.என்.ஏ. மீது அமர்ந்து, குறிப்பிட்ட மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கிறது. இயக்குநீர் வந்தால்தான் பூட்டைத் திறக்கிறது. இயக்குநீர் குறைந்தவரின் உடல் குளிர்ந்து, மந்தமாகி, மலச்சிக்கலும் முடியுதிர்தலுமாக இருப்பது, பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் பூட்டுகள் விழுந்திருப்பதால்தான். மாத்திரையில் உள்ள தைராக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாட்கள் ஆகும். அதாவது இரத்தத்தில் அதன் அளவு நிலைபெறவே ஐந்தாறு வாரங்கள் வேண்டும். டி.எஸ்.எச். பரிசோதனையை ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் செய்யச் சொல்வது இந்தக் கணக்கில்தான். பத்தாம் நாள் பரிசோதனை செய்தால் காசுக்குத்தான் கேடு.

வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காபி தேநீருக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக அதை விழுங்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். குடலிலேயே அவை தைராக்சினைப் பிடித்துக்கொள்ளும். சுழற்சிப் பணியில் இருப்பவர்கள் “காலை என்றால் எது காலை?” என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, உறங்கப் போகுமுன் எடுத்துக்கொள்வதும் ஏற்புடைய முறையே. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து மாறாமல் பின்பற்றுங்கள். பிரெட்னிசோலோன் எடுக்கும் இரவுப் பணியாளர்களுக்கு நேரக் கணக்கு வேறு. அதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண் கருவுற்றால், நாள் தள்ளியது தெரிந்தவுடனே சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் கருவின் மூளை தாயின் தைராக்சினை நம்பித்தான் வளர்கிறது. பெரும்பாலோருக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

ஐந்தாண்டு மாத்திரை

மார்பகப் புற்றுநோய்க்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ சிகிச்சை முடித்து ஊர் திரும்பும் பெண்களின் கோப்பில் ‘இ.ஆர். பாசிட்டிவ்’ என்று எழுதியிருக்கும். ‘பாசிட்டிவ்’ என்றதும் இன்னொரு தொற்றோ என்று பதறியவர்கள் உண்டு. அந்தக் கட்டியின் உயிரணுக்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது என்பதே அதன் பொருள். இது சிகிச்சைக்கு ஒரு கூடுதல் வழியைத் திறக்கும் செய்தி. ஈஸ்ட்ரோஜன் அந்த ஏற்பியில் அமர்ந்தால் ‘பெருகு’ என்ற ஆணை பிறக்கும். டாமோக்சிஃபென் மாத்திரை அந்த இருக்கையில் முன்னதாகவே போய் அமர்ந்துகொள்கிறது. இருக்கை நிரம்பியிருக்கிறது, ஆணையோ பிறப்பதில்லை.

1960களில் இங்கிலாந்தில் கருத்தடைக்கென்று உருவாக்கப்பட்டு, அதில் தோற்றுப்போன மருந்து இது. அறுவையில் கண்ணுக்குத் தெரிந்த கட்டி போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத சில உயிரணுக்கள் எலும்பிலோ ஈரலிலோ ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கலாம்; அவை எழாமல் காக்கவே ஐந்து ஆண்டுகள், சிலருக்குப் பத்து ஆண்டுகள். ஐந்தாண்டு முழுமையாக எடுத்துக்கொண்டோரிடம், பதினைந்து ஆண்டு காலத்தில் மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று உலகளாவிய தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் காப்பு நீடிக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

வியப்பு என்னவென்றால், மார்பகத்தில் எதிரியாக நடக்கும் இதே மருந்து எலும்பிலும் கருப்பையின் உட்சுவரிலும் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடக்கிறது. ஏற்பியோடு கைகோர்க்கும் துணைப்புரதங்கள் உறுப்புக்கு உறுப்பு மாறுவதே காரணம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது எலும்புக்கு நன்மை. கருப்பைக்குச் சிறு அபாயம். ஆகவே மாத்திரை எடுக்கும் காலத்தில், குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, சிறிதளவு உதிரப்போக்கு கண்டாலும் கூச்சப்படாமல் உடனே சொல்லுங்கள். ஒற்றைக் காலில் வீக்கமும் வலியும் வந்தாலும் அப்படியே. வெப்ப அலை போன்ற உடற்சூடு பலருக்கு வரும். தொல்லைதான், ஆனால் அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம். தணிக்க வழிகள் உள்ளன.

இதே ஏற்பியில் அமரும் ஒரு மருந்தை நம் நாடே உருவாக்கியிருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்த் முதலான அறிவியலாளர்கள் உருவாக்கிய சென்ட்குரோமன் அது. 1991இல் ‘சஹேலி’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. இன்று ‘சாயா’ என்ற பெயரில் அரசுக் குடும்பநலத் திட்டத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. அன்றாடம் விழுங்க வேண்டியதில்லை. ஏனெனில் இதுவும் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். அண்மையில் மஞ்சள் காமாலை வந்தவர்களும் சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களும் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இன்னும் ஓர் ஏற்பியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இது மற்ற எல்லாக் கணக்குகளையும் குலைத்துவிடக் கூடியது. ‘பி.எக்ஸ்.ஆர்.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அது முக்கியமாக ஈரலிலும் குடலிலும் இருந்து, வெளியிலிருந்து வரும் வேதிப்பொருட்களை மோப்பம் பிடிக்கிறது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அதன்மேல் அமர்ந்ததும், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை ஈரல் பெருமளவில் உற்பத்தி செய்கிறது. அதன்பின் பிரெட்னிசோலோன் விரைவாகச் சிதைகிறது. கருத்தடை மாத்திரை பலனிழக்கிறது. தைராக்சினின் தேவையும் சிலருக்குக் கூடுகிறது. காசநோய் மாத்திரை சாப்பிடும் ஒருவர், “கருத்தடை மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன், எப்படிக் கருத்தரித்தது?” என்று கேட்டால், விடை ஈரலில் இருக்கிறது. அக்காலத்தில் வேறு முறைக்கு மாறிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பியின் வேலையும் மெல்லத்தான் தொடங்கும், மெல்லத்தான் ஓயும். காசநோய்ச் சிகிச்சை முடிந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஈரல் பழைய நிலைக்குத் திரும்பும்போது, கூட்டிய ஸ்டீராய்டு அளவு திடீரென மிகையாகிவிடும். எனவே சிகிச்சை முடிவதையும் சொல்ல வேண்டும்.

வைட்டமின் டி மாத்திரையும் உட்கருவுக்குப் போகும் வகைதான். 60,000 அலகு கொண்ட பொட்டலம் வாரம் ஒருமுறை என்று எழுதினால் வாரம் ஒருமுறைதான். வைட்டமின்தானே என்று தினமும் குடித்தால், கொழுப்பில் சேர்ந்து மாதக்கணக்கில் தங்கி, இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

ஆரம்பாக்கம் தமிழகத்தின் எல்லை ஊர். ஒரே குடும்பத்தில் ஒருவர் கும்மிடிப்பூண்டியிலும், ஒருவர் தடாவிலும், ஒருவர் சென்னையிலும் மருத்துவம் பார்ப்பது இங்கே வழக்கம். ஒருவரே மூன்று இடங்களிலும் பார்த்துவிட்டுத் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் சீட்டுகளோடு வருவதும் உண்டு. சீட்டு தொலைந்திருந்தால் கவலை வேண்டாம். மாத்திரை தீர்ந்த வெற்று அட்டைகளையும், தடவும் களிம்புக் குழாயையும், இழுக்கும் இன்ஹேலரையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பெயரில்லாத பொட்டலம் இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். யார் கொடுத்தார்கள் என்று கேட்டுக் கடிந்துகொள்ள மாட்டோம். எத்தனை நாட்களாகச் சாப்பிடுகிறீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்ற இரண்டை மட்டும் நினைவுபடுத்திக்கொண்டு வந்தால் போதும்.